அது வேற கேஸ்

சலவைக்கூடத்துக்கு நீதிமன்றத்திலிருந்து ஓர் ஆளை அனுப்பப் போகிறார்கள் என்று ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் சொன்னபோது அக்காவுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஓய்வு பெற்றுப் போனவர்களுக்குப் பதில் ஆள் போடாமல், இருந்தவர்களையும் வேறு பக்கம் இழுத்துக்கொண்டதில், ஆஸ்பத்திரி முழுவதற்கும் துணி வெளுக்கும் இடத்தில் விரல் விட்டு எண்ணும்படிதான் கைகள் மிச்சமிருந்தன. எந்தக் கையானாலும் கைதானே.

அவள் பெயரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அக்கா. அப்படிக் கூப்பிட நிஜமாகவே உறவுள்ளவன் தம்பி ஒருவன்தான். அவன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். முதல் தடவை தப்புச் செய்தவர்களை இனிமேல் சிறைக்கு அனுப்ப வேண்டியதில்லை; ஆஸ்பத்திரி, பூங்கா, நூலகம் என்று பொது இடத்தில் சம்பளமில்லாமல் சமூக சேவை செய்தால் போதும்; ஒழுங்காகச் செய்து முடித்தால் குற்றவாளி என்ற பெயரும் நிற்காது. கண்காணிப்பாளர் இதையெல்லாம் தானே இயற்றிய சட்டம் போலப் பெருமையாக விளக்கினார். வருகிறவர் ஆறு மாதத்துக்கு வாரம் மூன்று நாள் வருவார், வேலை வாங்குவதும் வந்தாரா இல்லையா என்று நிர்வாகத்துக்குச் சொல்வதும் அக்காவின் பொறுப்பு.

“எப்பலேர்ந்து சார் இந்தச் சட்டம்?”

போன மாதத்திலிருந்து என்றார் அவர்.

படியிறங்கி வரும்போது அக்கா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். போன மாதம். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்னவாம்?

தம்பி திருடினான். அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. வேலை பார்த்த இரும்புக்கடைக் கிடங்கிலிருந்து பித்தளைக் குழாய்கள் இருந்த பெட்டிகளைத் தூக்கிக்கொண்டுபோய் விற்றான். பசிக்காகவோ மருந்துக்காகவோ இல்லை. கூட்டாளிகளோடு ஊர் சுற்றப் போகவேண்டும் என்ற ஆசை, இருபத்திரண்டு வயதுக் கொழுப்பு, அவ்வளவுதான். மறுநாளே பிடிபட்டான். பெட்டிகளும் திரும்பக் கிடைத்துவிட்டன. ஆனாலும் ஒரு வருஷம் உள்ளே போட்டார்கள்.

போனவன் வேறு, வந்தவன் வேறு. முதல் வாரத்திலேயே படுக்க இடம் கேட்டதற்கு யாரோ கன்னத்தில் விட்ட அறையில் வலது காது போய்விட்டது. வந்த பிறகு கதவைச் சாத்தினால் அவனுக்கு மூச்சு முட்டியது. குளியலறைக் கதவைக்கூட ஒருக்களித்துத்தான் வைப்பான். அந்தப் பக்கம் போகிறவர்கள் இருமிக்கொண்டே போக வீட்டில் பழகிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் ஓட்ட ஆள் எடுத்தபோது அக்கா அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வண்டி ஓட்டுவதில் ஒரு குறையும் சொல்லவில்லை. காதைக்கூட யாரும் சோதிக்கவில்லை. சிறைக்குப் போனவன் என்ற ஒரு வரி போதுமாக இருந்தது. பேசி முடித்திருந்த கல்யாணமும் அந்த வரியிலேயே தடுக்கி விழுந்தது.

திங்கட்கிழமை காலை, பிரித்தெடுக்கும் அறையில் அக்கா அழுக்கு மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு குரல் கேட்டது.

“இங்க பொறுப்புல யாரும்மா இருக்கறது?”

முகத்தைப் பார்க்கும் முன்பே குரல் யாருடையதென்று தெரிந்துவிட்டது. அந்தக் குரலை வாழ்க்கையில் இரண்டே தடவைதான் கேட்டிருக்கிறாள். இரண்டு தடவை கேட்டதே ஏழு ஜன்மத்துக்குப் போதும்.

முதல் தடவை இரும்புக்கடையில். தம்பியை மன்னித்துப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சப் போயிருந்தாள். கம்பிக் கட்டுகளுக்கு நடுவே அவளை நிற்கவைத்துவிட்டு, கடைக்காரர் டீயைக் குடித்து முடித்தார், வாயைத் துடைத்தார், பிறகு நிதானமாகச் சொன்னார், சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று. இரண்டாம் தடவை நீதிமன்றத்தில். இந்த மாதிரி ஆட்களை உள்ளே தள்ளினால்தான் மற்றவனுக்குப் புத்தி வரும் என்று, கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொன்னார்.

அதே கடைக்காரர்தான் வாசலில் நின்றார். கொஞ்சம் தொப்பை கூடியிருந்தது. ஒரு மாலை குடித்துவிட்டுக் கார் ஓட்டிப்போய், வங்கி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியின் காலை முறித்திருக்கிறார். முதல் குற்றம். அதனால் இங்கே.

அவருக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை. அதுதான் அவளை எல்லாவற்றையும்விடச் சுட்டது. மூன்று வருஷமாக எந்த முகத்தை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தாளோ, அந்த முகத்துக்கு அவள் யாரோ ஒரு பொம்பளை.

அவள் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. கையுறையையும் முகமூடியையும் எடுத்துக் கொடுத்து, பிரசவ வார்டு மூட்டைகளை அவர் முன்னால் தள்ளினாள். ரத்தக்கறைத் துணி ஒரு தொட்டி, மற்றது இன்னொரு தொட்டி. மடிப்பில் ஊசி கிடக்கும், உதறாமல் விரிக்க வேண்டும். இரண்டாவது மூட்டையிலேயே அவர் வெளியே ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். அக்கா ஒரு வாளித் தண்ணீரையும் துடைப்பத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். எடுத்ததை அவரே கழுவ வேண்டும் என்பது சொல்லாமலே புரிந்தது.

நீராவிக் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர்காரருக்கு வாய் சும்மா இருக்காது. “என்னக்கா, புது மாப்பிள்ளையை முதல் நாளே இப்படிக் கவனிக்கறே?” என்றார். அக்கா அடுத்த மூட்டையை அவிழ்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கமே போய்விட்டார்.

கடைக்காரர் திணறுவதைப் பார்த்தால் மனசு ஆறும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆறவில்லை. முதல் இரண்டு வாரம் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, சோப்புக் காரத்தில் கை வெந்தது, ஈரத்துணி வண்டியைத் தள்ளமுடியாமல் தள்ளினார். எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கோபம் கூடிக்கொண்டுதான் போனது. ஏனென்றால் சாயங்காலமானால் அவர் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார். தன் வீட்டில், தன் கட்டிலில் படுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார்.

மூன்றாவது வாரம் அவருக்கு வேலை கொஞ்சம் பிடிபட்டது. விரிப்பைப் பிழியும் இயந்திரத்தில் கோணாமல் அடுக்கக் கற்றுக்கொண்டார். மற்றவர்களோடு டீ குடித்தார், சிரித்தார். ஒருநாள் பாய்லர்காரரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது, மடிப்பு மேஜையில் நின்ற அக்காவின் காதில் விழுந்தது.

“உண்மையைச் சொல்றேன், இந்தச் சட்டம் போட்டவன் புண்ணியவான். என்னை மாதிரி குடும்பஸ்தனை அந்தக் களவாணிப் பசங்களோட அடைச்சு வெச்சிருந்தா என்ன ஆகியிருப்பேன்? ஒரு தடவை தவறினதுக்கு மனுஷனோட வாழ்க்கையையே அழிக்கலாமா?”

அக்கா மடித்துக்கொண்டிருந்த விரிப்பை மேஜைமேல் வைத்தாள். நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

“என்னைத் தெரியுதா உங்களுக்கு?”

அவர் டம்ளரும் கையுமாக விழித்தார்.

“உங்க கிடங்குல பித்தளைக் குழாய் எடுத்தானே ஒருத்தன், அவனோட அக்கா. உங்க கடையில வந்து நின்னேன். ஒரு தடவை தவறிட்டான், வாழ்க்கையை அழிச்சிடாதீங்கன்னு இதே வார்த்தையைத்தான் சொன்னேன். நீங்க டீ குடிச்சிட்டிருந்தீங்க.”

கடைக்காரரின் முகம் வெளுத்துப்போனதை எல்லாரும் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“அது வேற கேஸும்மா.”

அக்காவுக்குக் கை பரபரத்தது. அடித்துவிட்டிருப்பாள். பாய்லர்காரர் நடுவில் வந்து நின்றுகொண்டு, “போ அக்கா, அந்தப் பக்கம் போ” என்று தள்ளிக்கொண்டே போனார். போனவள் துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் நின்று, அது போடும் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டித் தீர்த்தாள்.

மறு வாரம் கடைக்காரர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அதற்குப் பதில் கண்காணிப்பாளரிடமிருந்து ஆள் வந்தது.

கண்காணிப்பாளர் அவளை உட்காரச் சொன்னார். அவர் அறையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. அப்போதே ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. கடைக்காரருக்கு முதுகுவலியாம், தொழிலையும் கவனிக்க வேண்டியிருக்கிறதாம். நல்ல மனுஷர். சலவைக்கூடத்தில் போர்வை பிழியும் இயந்திரம் பழுதாகிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அக்கா கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அவர் வந்துகொண்டிருப்பதாகவே சொல்லிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

இயந்திரம் தேவைதான். அது இல்லாமல் அவளுடைய ஆட்கள் கனமான போர்வைகளைக் கையால் பிழிந்து தோள்பட்டை இறங்கிக் கிடந்தார்கள். அதனால்தான் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. எங்கே கை வைத்தால் அவள் மடிவாள் என்று பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

“ஜெயிலுக்குப் போனவனுக்கு முதுகு வலிச்சா பதிலுக்கு மெஷின் வாங்கிக் குடுத்துட்டு வீட்டுக்கு வரலாமா சார்?” என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் எழுந்து வந்துவிட்டாள். அன்று மதியமே தானே நேராக நீதிமன்றத்து அதிகாரியைப் போனில் கூப்பிட்டு, ஆள் வரவில்லை என்று சொன்னாள். உத்தரவை மீறினால் மிச்சத் தண்டனையைச் சிறையில் கழிக்க வேண்டியதுதான். விசாரணைக்குத் தேதி சொல்கிறோம், நீங்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள்.

அன்று வீட்டுக்கு அவள் நடந்து போகவில்லை, பறந்து போனாள். தட்டில் சாப்பாட்டை வைத்ததும் தம்பியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த ஆள் சலவைக்கூடத்துக்கு வந்ததையே இதுவரை அவனிடம் சொல்லியிருக்கவில்லை. அவன் நல்ல காதை அவள் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு கேட்டான். கடைசியில் அவள், “இப்ப போகட்டும் உள்ள. என்னோட ஒரு வார்த்தை போதும்” என்றாள்.

அவன் சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

“எந்த ஜெயில்?” என்றான்.

எல்லாரையும் போடுகிற அதே சிறைதான் என்றாள்.

“புதுசா வர்றவங்களை முதல்ல பெரிய கொட்டடியிலதான் விடுவாங்க. அங்க...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வாசலில் போய் நின்றான். அவள் பின்னாலேயே போனாள். அவன் திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

“நீ போய் உண்மையைச் சொல்லு. அந்த ஆளுக்காகப் பொய் சொல்லாதே. ஆனா அவர் உள்ள போனா எனக்குச் சந்தோஷம்னு யார்கிட்டயும் சொல்லிடாதே. நான் அங்க இருந்தவன்.”

அக்காவுக்கு அவன்மேலேயே கோபம் வந்தது. உனக்காகத்தானேடா இத்தனையும் என்று கத்தினாள். பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. அவன் எனக்காக வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டான். அதற்கப்புறம் விசாரணை நாள் வரை இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

நீதிமன்றத்தில் அதே அறை. மின்விசிறி மட்டும் புதிது. நீதிபதி இப்போது ஒரு பெண். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். கடைக்காரர் கூண்டில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்வரிசையில் அவர் மனைவி, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த வரிசையில்தான் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

ஆள் வந்தாரா என்று நீதிபதி கேட்டார். முதல் மூன்று வாரம் வந்தார், பிறகு வரவில்லை என்றாள் அக்கா. வந்தபோது வேலை செய்தாரா? செய்தார். வராத ஆளை வந்ததாகச் சொல்லச் சொல்லிக் கண்காணிப்பாளர் கேட்டதையும், அதற்குக் கூலியாக இயந்திரம் பேசப்பட்டதையும் யாரும் கேட்காமலே சொன்னாள். அரசு வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைக்காரரின் வக்கீல் எழுந்து முதுகுவலி என்று தொடங்கினார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, கடைக்காரரைப் பார்த்து, உங்களுக்குக் கொடுத்த சலுகையை நீங்களே உதைத்துத் தள்ளிவிட்டீர்கள், மிச்சக் காலத்தைச் சிறையில் கழிக்கத்தான் வேண்டும் போலிருக்கிறது என்றார்.

கடைக்காரர் கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கட்டை ஆடியது. இதைப் பார்க்கத்தான் அக்கா வந்திருந்தாள். பார்த்தாள். அந்தப் பிடி அவளுக்குப் புதிதில்லை. தம்பி அதே கட்டையை அப்படித்தான் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்” என்றாள் அக்கா.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“இவரை உள்ள அனுப்பாதீங்க. இரக்கப்பட்டுச் சொல்லல. எனக்கு இவரைக் கண்டாலே ஆகாது. அதை இவர் முன்னாடியே சொல்றேன். உள்ள போய் இவர் என்ன பண்ணப் போறாரு? எவன்கிட்டயாவது அடி வாங்குவாரு. அதனால கால் முறிஞ்ச மனுஷன் எழுந்து நடந்துடுவானா? அவர் எங்க ஆஸ்பத்திரியிலதான் படுத்திருந்தாரு. அவர் படுக்கை விரிப்பைத் துவைக்கறதுக்கே எங்ககிட்ட ஆள் இல்ல. இவரை என்கிட்டயே திருப்பிக் குடுங்க. வராத நாளுக்கு ரெண்டு பங்கா வேலை வாங்கிக்கறேன். ஒரு நாள், ஒரு மணி நேரம் குறைய விடமாட்டேன்.”

சரி, உட்காருங்கள் என்று நீதிபதி சைகை செய்தார். அக்கா உட்காரவில்லை. மூன்று வருஷமாக அடைத்து வைத்திருந்தது, வழி கிடைத்ததும் மடை திறந்த மாதிரி வந்தது.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்த ரூம்லதான் என் தம்பி நின்னான். அவனுக்கும் முதல் தடவைதான். எடுத்த சாமான் பூரா திரும்ப வந்துடுச்சு. அவனுக்கும் ரெண்டு கை இருந்துச்சு, துணி துவைக்கத் தெரியும். வேலை வாங்கலாமேன்னு ஒருத்தர் வாயைத் திறக்கல. உள்ள போட்டீங்க. காது போய் வந்தான். இன்னிக்கு இவருக்கு முடியற சட்டம் அன்னிக்கு ஏன் முடியல? ஒரு கையெழுத்துல வர்றதுதானே? அதைப் போடறதுக்கு இவரை மாதிரி ஆளுங்க யாராவது மாட்டணும்னு காத்துட்டிருந்தீங்களா?”

வாசலில் நின்ற காவலர் உள்ளே வரப் பார்த்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“உங்க வருத்தம் புரியுதும்மா. ஆனா அந்த வழக்கு இப்ப இந்தக் கோர்ட் முன்னாடி இல்ல.”

“தெரியும்மா. அது வேற கேஸ். இவரும் அதையேதான் சொன்னாரு” என்று சொல்லிவிட்டு அக்கா சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கி வந்தாள்.

கடைக்காரர் சிறைக்குப் போகவில்லை. தவறவிட்ட ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் என்று உத்தரவானது. இன்னொரு தரம் தவறினால் பேச்சே கிடையாது. இனிமேல் ஆஸ்பத்திரி நிர்வாகம் அல்ல, சலவைக்கூடத்துப் பொறுப்பாளர்தான் நேரடியாக நீதிமன்றத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றும் நீதிபதி சேர்த்தார். கண்காணிப்பாளருக்கு விளக்கம் கேட்டு ஓலை போனது. அதற்கப்புறம் அவர் தாழ்வாரத்தில் அக்காவைக் கண்டால் சுவரில் மாட்டியிருக்கும் படங்களையெல்லாம் ஆழ்ந்து ரசிக்கத் தொடங்கினார்.

அன்றிரவு தம்பி, என்ன சொன்னாய் என்று கேட்டான். சொன்னாள். அவன் கழுவி வைத்திருந்த தட்டை எடுத்து அவளுக்குச் சாப்பாடு போட்டு வைத்தான்.

கடைக்காரர் மிச்ச நாள் முழுவதும் வந்தார். அக்கா அவரோடு வேலையைத் தவிர வேறு பேசவில்லை. டீ நேரத்தில் அவர் இருந்தால் அவள் எழுந்து போனாள். அவரும் முன்போலச் சிரித்துப் பேசவில்லை. போர்வைகளைக் கையால் பிழிந்தார். தோள் இறங்கியபோது வாயைத் திறக்கவில்லை. புது இயந்திரம் பற்றிய பேச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. “தலைவலி தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க, இவருக்கு இடுப்புவலியே வந்துடுச்சு” என்று பாய்லர்காரர் சொல்லிப் பார்த்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

முடிவதற்கு முந்தின வாரம், மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்த கடைக்காரர் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து அவள் முன்னால் நின்றார். தம்பி எங்கே வேலை பார்க்கிறான் என்று கேட்டார்.

“தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?”

“பாக்கணும். ராத்திரியில தூக்கம் வரமாட்டேங்குது. மன்னிச்சிடுப்பான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா...” கையுறையை மடித்தார். “அவன் காது விஷயம் அன்னிக்குக் கோர்ட்ல நீங்க சொன்னப்பத்தான் எனக்குத் தெரியும்.”

அவர் கண் கலங்கியிருந்தது நிஜம்தான். கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் அக்கா சொன்னாள்.

அன்று மாலை நேராகப் பஞ்சர் கடைக்கே போனாள். தம்பி ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் ஓட்டையைக் கண்டுபிடித்து, சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு, டியூபைத் துடைத்து வைத்த பிறகுதான் நிமிர்ந்தான்.

“வேணாம்க்கா” என்றான். “அவர் நிம்மதியாத் தூங்கறதுக்கு நான் எதுக்கு வேலை செய்யணும்? எனக்கு ஒண்ணும் கோர்ட் அந்தச் சேவையைக் குடுக்கல.”

அக்கா ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். கடைக்குள்ளிருந்து முதலாளி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். அவனும் சிரித்தான், அவன் பல் தெரியச் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்றென்று அவளுக்குச் சொல்லத் தெரியாது.

மறுநாள் காலை கடைக்காரர் வந்து நின்றதும் தம்பி சொன்னதை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். கையுறையை மாட்டிக்கொண்டு மூட்டைகளிடம் போனார். அன்று அறுவைசிகிச்சைக் கூடத்திலிருந்து நிறையத் துணி வந்திருந்தது.